லோட்வாரில் முதல் போர்வெல்

திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் வேலை பார்த்தவனுக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொள்ளும். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பான். மண் என்ன நிறம், பாறை எத்தனை அடியில் வரும், குழி சரியாமல் தாங்குகிற கேசிங் குழாய் எவ்வளவு இறங்கும். கல்யாணத்துக்குப் போன இடத்தில்கூட மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிற போர் எத்தனை அடி என்று விசாரிப்பான். அந்தக் கண்ணோடுதான் கென்யாவின் வடமேற்கே, துர்க்கானா மாவட்டத்தின் தலைநகரான லோட்வாரில் போய் இறங்கினேன்.

கிட்டாலே வரைக்கும் மக்காச்சோளக் காடும் குளிரும்தான். மலை இறங்கியதும் பச்சை தீர்ந்துவிட்டது. அங்கிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். ரிக் முன்னால், கம்ப்ரசர் லாரி பின்னால். கைனுக் பக்கம் மட்டும் எங்கும் நிறுத்தாமல் ஓட்டச் சொன்னார்கள்; மாட்டுத் திருட்டுக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் பேர்போன எல்லை அது. வழியெல்லாம் காய்ந்த ஆறுகள். 'லாகா' என்கிறார்கள். மழை எங்கோ மலையில் பெய்தால், இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்து வண்டியை அடித்துக்கொண்டு போய்விடுமாம்.

ஊரைப் பற்றி எனக்கு முதலில் தோன்றியதை மறைக்காமல் சொல்கிறேன்: இங்கே எவன் இருப்பான்? மதியம் ரிக்கின் இரும்பைத் தொட முடியவில்லை. வெள்ளைக்காரன் ஜோமோ கென்யாட்டாவை 1959-லிருந்து 1961 வரை இந்த ஊரில்தான் காவலில் வைத்திருந்தான். இந்த வெயிலில் மதில் சுவர் எதற்கு என்று நினைத்துக்கொண்டேன். டீக்கடையில் ஒருவர், "கென்யாவிலிருந்தா வருகிறீர்கள்? கென்யா எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். நான் விழித்தேன். நைரோபி பக்கம் போவதைக் 'கென்யாவுக்குப் போவது' என்றுதான் இங்கே சொல்வார்களாம். அதில் கிண்டல் பாதி, மனத்தாங்கல் பாதி. ஆனால் அதே கடையில் சில்லறை இல்லை என்றதும் அந்த அம்மா எம்-பெசா எண்ணைக் காட்டினார். டீக்காசு போனிலேயே போய்ச் சேர்ந்தது. 2007-லிருந்தே இவர்களுக்கு இது பழக்கம். நம் ஊர் டீக்கடைக்கு கியூஆர் அட்டை வர எத்தனை வருஷம் ஆனது என்று யோசித்துக்கொண்டே எழுந்தேன்.

"அண்ணா, இங்க பாருங்ணா, நம்மூரு வேலிக்காத்தான்!" என்று எங்கள் ஆபரேட்டர் கத்தினான். அதேதான். அதே முள், அதே மஞ்சள் காய். கென்யாவில் மதெங்கே என்கிறார்கள். மண் அரிப்பைத் தடுக்கவும் விறகுக்கும் என்று கொண்டுவந்து நட்டது, இப்போது ஆற்றங்கரையெல்லாம் அடைத்துக்கொண்டு நிற்கிறது. ராமநாதபுரத்துக் கதையேதான். தெற்கே பாரிங்கோ பகுதி மக்கள் ஒரு படி மேலே போனார்கள். காயின் இனிப்பு ஆட்டின் பல்லைக் கொட்டவைக்கிறது என்று வழக்குப் போட்டு, 2006-ல் பல் போன ஆட்டை நீதிமன்றத்துக்கே ஓட்டிக்கொண்டு போனார்கள். நமக்கு அந்த யோசனை வரவில்லை.

பனையும் உண்டு, ஆனால் கிளை விட்ட பனை. டூம் பனை என்று பெயர். ஓலையைக் கிழித்துப் பெண்கள் கூடை முடைகிறார்கள். கழுத்து நிறைய, தோள் வரைக்கும் பாசிமணி மாலையை அடுக்கிக்கொண்டு ஒரு கிழவி லாகா மணலில் இடுப்பளவு குழிக்குள் இறங்கி, டப்பாவால் ஊற்றுத் தண்ணீரை மொண்டு மேலே கொடுத்துக்கொண்டிருந்தாள். டப்பா பாதி நிறையும், குழி வற்றும், அப்புறம் காத்திருப்பாள். அவசரமே இல்லை. இந்தப் பக்கம் தண்ணீர்ப் 'பாயிண்ட்' பார்க்கத் தேங்காயும் வேப்பங்குச்சியும் தேவையில்லை என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

2013-ல் துர்க்கானாவுக்கு அடியில் பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது என்று யுனெஸ்கோவும் கென்ய அரசும் அறிவித்தன. செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கண்டுபிடித்தது. லொட்டிகிப்பி என்ற இடத்துத் தேக்கத்தைப் பற்றித்தான் உலகமே பேசியது. பிறகு துளை போட்டுப் பார்த்தால், குடிக்க முடியாத உப்பு. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், என் குழியில் நல்ல தண்ணீர் வரும் என்றே நம்பினேன்.

நம் ஊரில் இருபது முப்பது அடி கேசிங் இறக்கினால் பாறை வந்துவிடும். அப்புறம் ஹேமர் பாட்டுக்கு அடித்துக்கொண்டு போகும். இங்கே மணலும் கூழாங்கல்லும். ராடைத் தூக்கினால் குழி மூடிக்கொள்கிறது. நுரை விட்டு, ஒவ்வொரு ராடாகக் கெஞ்சி இறக்கினோம். மூன்றாம் நாள் சாயங்காலம் புழுதி ஈரமாகி, சேறாகி, அப்புறம் தண்ணீரே பீய்ச்சி அடித்தது. சுற்றி நின்றவர்கள் பாட ஆரம்பித்துவிட்டார்கள். நான் கையில் ஏந்தி வாயில் வைத்தேன். உப்பு. உப்பளவு பார்க்கிற மீட்டர் 3,000-ஐத் தாண்டிக் காட்டியது. குறிப்பேட்டில் 'ஃபெயில்' என்று எழுதி, மூடி போடச் சொன்னேன்.

அப்போது ஒரு பெரியவர் வந்தார். பெரியவர்களை இங்கே 'மஸே' என்பார்கள். கையில் சின்ன மர முக்காலி. அதுவே அவருக்கு இரவில் தலையணையும். தண்ணீரை ருசி பார்த்துத் துப்பினார். பிறகு டிரைவரிடம் நிதானமாக ஏதோ சொன்னார்.

"மஸே என்ன சொல்றார்?"

"ஆட்டுக்கு இது போதும்ங்கிறார் சார். ஒட்டகமும் குடிக்குமாம். ஏன் மூடுறீங்கன்னு கேக்குறார்."

ஆபீசுக்குப் போன் போட்டேன். ரிப்போர்ட்டில் அதற்கென்று கட்டம் இல்லை என்றார்கள். சரி என்று வைத்துவிட்டு, மிஞ்சிக் கிடந்த எட்டு அங்குல கேசிங் பைப் ஒன்றை நீளவாக்கில் அறுக்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் அடைத்து, கல் முட்டுக் கொடுத்தால் தொட்டி. கைப்பம்புக்கு மேலும் ஒரு வாரம் ஆனது. பம்பு மாட்டிய அன்று முதல் ஆடு வந்து முகர்ந்து பார்த்தது, ஒரு முறை தும்மியது, அப்புறம் குடிக்க ஆரம்பித்தது. பெரியவர் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.