கருப்புப் பட்டைக்கு அடியில்: எஃப்.பி.ஐ. உளவுக் கோப்பைக் கேட்டு வாங்குவதும் படிப்பதும்

அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராட்டத்தில் இருந்த ஒருவரைப் பற்றி எஃப்.பி.ஐ. சேர்த்துவைத்த கோப்பு வேண்டுமென்றால், எடுத்த எடுப்பில் விண்ணப்பம் எழுத உட்காராதீர்கள். ஏற்கெனவே வெளியானதை முதலில் பாருங்கள். எஃப்.பி.ஐ.யின் 'வால்ட்' தளத்தில் 1956 முதல் 1971 வரை நடந்த கொயின்டெல்ப்ரோ (அரசியல் இயக்கங்களைக் குலைக்க எஃப்.பி.ஐ. நடத்திய ரகசியத் திட்டம்) கோப்புகள் ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடக்கின்றன. மிசிசிப்பி அரசு நடத்திய, உளவும் பார்த்த இறையாண்மை ஆணையத்தின் தாள்கள், 1,30,000 பக்கங்களுக்கு மேல், நீதிமன்றத்தில் போராடி 1998இல் திறக்கப்பட்டவை. மாநில ஆவணக் காப்பகத்தின் தளத்தில் அவற்றைப் பெயர் வாரியாகத் தேடலாம். ஒரே எழுத்துக்கூட்டலோடு நிறுத்திவிட வேண்டாம். தட்டச்சு செய்தவர்கள் பெயர்களைக் கண்டபடி அடித்திருப்பார்கள்.

அங்கே இல்லையென்றால்தான் தகவல் சுதந்திரச் சட்டப்படி விண்ணப்பம். யாரும் கேட்கலாம், அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை. கேட்கப்படுபவர் இறந்தவர் என்றால் இறப்புச் சான்றோ நாளிதழில் வந்த மரணச் செய்தியோ இணைக்க வேண்டும். பிறந்து நூறு ஆண்டு தாண்டியிருந்தால் பிறந்த தேதிக்கான ஆதாரமே போதும். உயிரோடு இருப்பவர் என்றால் அவருடைய கையெழுத்திட்ட சம்மதம் அவசியம். முழுப்பெயர், மாற்றுப்பெயர்கள், பிறந்த தேதி, ஊர், இருந்த அமைப்புகள், எந்த ஆண்டில் எந்த நகரம் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள்.

பலர் சறுக்குவது அடுத்த வரியில்தான். வெறுமனே "இவரைப் பற்றிய ஆவணங்கள்" என்று கேட்டால், அவர் பெயரிலேயே திறந்த முதன்மைக் கோப்பை மட்டும் தேடிவிட்டு "இல்லை" என்று பதில் வரும். அடுத்தவர் கோப்பில் அவர் பெயர் வரும் குறுக்குக் குறிப்புகளையும், ஒட்டுக்கேட்பில் அகப்பட்டவர்களின் தனி அட்டவணையான 'எல்சர்' பட்டியலையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கூட்டத்துக்கு வந்துபோன சாதாரணத் தொண்டர் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்.

சட்டம் சொல்வது 20 வேலை நாள். நடப்பில் மாதங்கள், பெரிய கோப்பு என்றால் ஆண்டுகள். "கோப்பு தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்விட்டது" என்று பதில் வந்தால் மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில் உள்ள காப்பகத்துக்குத் தனியாக எழுத வேண்டும். எந்த மறுப்புக்கும் 90 நாளுக்குள் நீதித்துறையின் தகவல் கொள்கை அலுவலகத்தில் மேல்முறையீடு செய்துவிடுங்கள். அதைத் தவறவிட்டால் நீதிமன்றக் கதவும் பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

கோப்பு கைக்கு வந்ததும், வரிகளை மறைக்க இழுத்த கருப்புப் பட்டையைப் பார்த்துச் சோர்ந்துபோக வேண்டாம். பட்டையின் ஓரத்தில் உள்ள குறியைப் படியுங்கள். பி7சி என்றால் தனிமனித அந்தரங்கம். பி7டி என்றால் ரகசியத் தகவலாளி. பி1 என்றால் தேசப் பாதுகாப்பு. பழைய தட்டச்சில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்பதால், மேல்வரியோடு ஒப்பிட்டு எண்ணினால் மறைத்த பெயரில் எத்தனை எழுத்து என்று ஓரளவு தெரியும். ஆனால் பட்டையைத் தாராளமாக இழுத்திருப்பார்கள். இதை வைத்து எதையும் முடிவுசெய்யக் கூடாது.

இன்னும் பயனுள்ளவை எண்கள். 100-448006 என்பதில் 100 உள்நாட்டுப் பாதுகாப்பு வகை, அடுத்தது வழக்கு எண். 157 என்று தொடங்கினால் இனப் பிரச்சினை வகை. 134, 137, 170 மூன்றும் தகவலாளிகளின் கோப்பு வகைகள். ஒரு கூட்டத்தைப் பற்றிய அறிக்கையின் கீழே நகல் போகும் இடங்களில் 170 தென்பட்டால், அந்தக் கூட்டத்தில் எஃப்.பி.ஐ.யின் ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்று கொள்ளலாம். மெம்ஃபிஸில் மார்ட்டின் லூதர் கிங்கோடு நெருங்கிப் பழகிப் புகைப்படமெடுத்த எர்னஸ்ட் விதர்ஸ், தகவலாளி என்று 2010இல் வெளிப்பட்டது இப்படித்தான்: எம்.இ. 338-ஆர் என்ற குறியெண்ணை ஓர் இடத்தில் மறைக்க மறந்துவிட்டார்கள். எம்.இ. என்பது மெம்ஃபிஸ் அலுவலகம், ஆர் என்பது இனப் பிரிவு. குறியெண்ணுக்குப் பின்னால் நட்சத்திரம் இருந்தால் பெரும்பாலும் ஒட்டுக்கேட்புக் கருவி. இதிலும் விலக்கு உண்டு: சி.ஜி. 5824-எஸ்* ஒரு மனிதர், அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சிக்குள் இருந்த தகவலாளி மாரிஸ் சைல்ட்ஸ். அறிக்கையில் தகவல் வந்த மூலத்தைக் குறிக்க 'டி-1', 'டி-2' என்று வருபவை ஆளாகவும் இருக்கலாம், ஒட்டுக்கேட்பாகவும் இருக்கலாம்.

இவ்வளவும் தெரிந்த பிறகும், "இன்னார்தான் உளவாளி" என்று வாய்விட்டுச் சொல்லுமுன் நில்லுங்கள். நேர்மையான தொண்டர்மேல் ஆள்காட்டிப் பட்டம் சுமத்துவது எஃப்.பி.ஐ.யே கையாண்ட உத்தி. அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியின் வில்லியம் ஆல்பர்ட்சனின் கையெழுத்தைப் போலவே எழுதிய பொய் உளவறிக்கையை 1964இல் அவர் போய்வந்த காரில் போட்டுவைத்தார்கள். கட்சி அவரை வெளியேற்றியது. அதே உத்தி பின்னர் கறுப்பினத்தவரின் தீவிர அமைப்பான பிளாக் பாந்தர் கட்சியினர்மேலும் திரும்பியது. ஆகவே கோப்பில் ஒரு கடிதம் இருப்பதாலேயே அதில் உள்ளது உண்மையாகிவிடாது. அதைத் தயாரித்து அனுப்ப அனுமதி கேட்டு வட்டார அலுவலகம் தலைமையகத்துக்கு எழுதிய தாள் முந்தைய வாரங்களில் இருக்கிறதா என்று, மற்ற ஊர்க் கோப்புகளிலும் சேர்த்துத் தேடுங்கள். ஆல்பர்ட்சன் 1972இல் இறந்தார். அவர் மனைவிக்கு அரசு 1,70,000 டாலர் கொடுத்தது 1989இல்தான்.