மேடேற மறுத்த புல்வெட்டி வண்டி

ஜூன் 7, சனி

கால்வாசி புல்தான் பாக்கி. பின்பக்க மேட்டில் வண்டி நின்றுவிட்டது. என்ஜின் ஒரு சத்தம் மாறாமல் ஓடுகிறது, பிளேடும் சுற்றுகிறது. பெடலை அடிவரை மிதித்தும் சக்கரம் மட்டும் நகரவில்லை. கடைசியில் பின்னால் இருக்கும், சக்கரத்தை விடுவிக்கும் பைபாஸ் லீவரை இழுத்துவிட்டு, தள்ளித்தான் கொட்டகைக்குக் கொண்டுவந்தேன். முதல் அரை மணி நேரம் குறையே இல்லாமல் ஓடியது என்பதை மறக்காமல் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் லீவரைப் பழைய இடத்துக்குத் தள்ளி, முழுதாக உட்கார்ந்ததா என்று கையால் அழுத்திப் பார்த்தேன். அது பாதி திறந்திருந்தாலே வண்டி இழுக்காது. கியர்பாக்ஸ் போய்விட்டது என்று முடிவு கட்டும் முன் பார்க்க வேண்டிய முதல் இடம் இதுதான்.

ஸ்டார்ட் செய்ததும் அதே மேட்டில் சிரமமில்லாமல் ஏறியது! அப்படியானால் சூடானால்தான் கோளாறு.

இது ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டி. மாற்றுவதற்குக் கியர் கிடையாது. என்ஜினோடு இணைந்த பெல்ட் ஒரு பம்பைச் சுழற்றுகிறது. பம்ப் ஆயிலை அழுத்தி அனுப்புகிறது. அந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கும் மோட்டார் சுற்றி, சக்கரத்தைத் திருப்புகிறது. பம்பும் மோட்டாரும் அடங்கிய பெட்டியைத்தான் கியர்பாக்ஸ் என்கிறேன். பெடலை மிதிக்கும்போது பம்புக்குள் ஒரு தட்டு சாய்கிறது. சாய்வு கூடக் கூட வேகம் கூடும், எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ரிவர்ஸ், நேராக நின்றால் நியூட்ரல். எல்லாப் பளுவையும் சுமப்பது ஆயில்தான். சூட்டில் அது நீர்த்துப்போனால் பம்புக்குள் இருக்கும் பிஸ்டன் ஓரங்களில் கசிந்து அழுத்தம் விழுந்துவிடும். ஆனால் தேய்ந்த பெல்ட்டும் சூட்டில் வழுக்கும். வெளியே இருப்பதை முதலில் பார்ப்போம்.

ஜூன் 11, புதன்

வேலை முடிந்து வந்து, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி வைத்துவிட்டுக் கீழே படுத்தேன். பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடி மாதிரி பளபளக்கின்றன. வழுக்கி வழுக்கித்தான் இப்படி ஆகும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் புல்லியின் பேரிங்கும் சுற்றும்போது கரகரக்கிறது. ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது. கையேட்டில் உள்ள எண்ணைப் பார்த்தே புது பெல்ட் வாங்க வேண்டும். நீளம் மட்டும் பொருந்தினால் போதாது. அகலமும், உள்ளே இருக்கும் நாரும் அந்த வண்டிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

ஜூன் 14, சனி

புது பெல்ட், புது புல்லி. நாற்பது நிமிடம் ஓடியது. அப்புறம் அதே மேட்டில் அதே கதை. மனசு விட்டுப்போனது.

ஆறியதும் சக்கரத்தைப் பார்த்தேன். ஆக்சிலையும் சக்கரத்தையும் பிணைக்கும் சின்ன சாவி (ஒரு இரும்புத் துண்டு) அறுந்துபோனால், இரண்டு பக்கமும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் சுழற்சி முழுவதையும் அந்தப் பக்கமே அனுப்பிவிடும்; ஆக்சில் மட்டும் வெறுமனே சுற்றும், வண்டி நகராது. ஆக்சில் முனையிலும் சக்கரத்திலும் சேர்த்து சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டினேன். இரண்டு பக்கமும் கோடு பிரியவில்லை. சாவி சரி.

இருட்டும் நேரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. கியர்பாக்ஸ் மேலே இருக்கும் பிளாஸ்டிக் ஃபேனில் மூன்று இறக்கை இல்லை. கீழே பெட்டியைக் குளிர்விக்கும் உலோக வரிகளில் காய்ந்த புல் பாய் மாதிரி படிந்திருக்கிறது. காற்றே போக வழியில்லை.

ஜூன் 15, ஞாயிறு

கியர்பாக்ஸையே கழற்றி இறக்கினேன். காலை முழுவதும் போனது, ஆனால் வேறு வழி இல்லை. என்னுடையதில் ஆயில் வடிக்கத் தனித் துளை கிடையாது. கவிழ்த்து, ஊற்றும் துளை வழியாகத்தான் வடிக்க வேண்டும். வந்த ஆயில் கறுத்து, தண்ணீர் மாதிரி ஓடியது. அடியில் இருந்த காந்தத்தில் மாவு போல இரும்புத் தூள். துண்டு துண்டாக எதுவும் இல்லை, அதுவே பெரிய நிம்மதி. கையேடு சொன்ன 20W-50 கெட்டித்தன்மை உள்ள ஆயிலை மெதுவாக ஊற்றி, புல்லியைக் கையால் இரண்டு பக்கமும் சுற்றினேன். குமிழி வருவது நின்ற பிறகு அளவு பார்த்து மீண்டும் நிரப்பினேன். புது ஃபேன் மாட்டி, வரிகளைத் தூரிகையால் சுரண்டிச் சுத்தம் செய்தேன்.

ஜூன் 16, திங்கள்

ஆயிலுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றும் வேலை. இதை விட்டுவிட்டால் புது ஆயிலும் பிரயோஜனமில்லை. காற்று அமுங்கும், ஆயில் அமுங்காது. முன்சக்கரங்களுக்கு அடை வைத்து, பின்சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தினேன். வெறும் ஜாக்கியை நம்பி இதைச் செய்யவே கூடாது. பைபாஸைத் திறந்து, என்ஜினை ஓடவிட்டு, பெடலை முன்னும் பின்னும் மெதுவாக ஆறு முறை. பைபாஸை மூடிவிட்டு அதையே இன்னொரு ஆறு முறை. முதலில் சக்கரம் விட்டு விட்டுச் சுற்றியது, முனகல் சத்தம் வேறு. ஐந்தாவது தடவையில் சத்தம் அடங்கி ஒரே சீராகச் சுற்றியது. ஆயில் கொஞ்சம் இறங்கியிருந்தது, ஊற்றினேன்.

ஜூன் 21, சனி

ஒரு மணி நேரம் பத்து நிமிடம். முழுப் புல்லும் வெட்டி முடித்தேன். கடைசியில் மேட்டில் ஏறும்போது வேகம் லேசாகக் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. உள்ளே கொஞ்சம் தேய்மானம் இருக்கிறது, அதை ஆயில் சரிசெய்யாது. இனி மேட்டை முதலில் வெட்டிவிடுவேன், பெட்டி சூடாகும் முன்பே. வெட்டி முடித்ததும் சீட்டுக்கு அடியில் கைவிட்டு ஃபேனைச் சுற்றியிருக்கும் புல்லைத் தட்டிவிட, தூரிகையைக் கொட்டகைக் கதவிலேயே மாட்டி வைத்திருக்கிறேன்.