ஃபிலிம் வந்துவிட்டதா?

ஞாயிற்றுக்கிழமை காலை எந்த அமெரிக்கப் பல்கலைக்கழக ஃபுட்பால் அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் முதலில் காதில் விழுகிற கேள்வி இதுதான். முந்தைய நாள் ஆட்டத்தின் களைப்பு யாருக்கும் போயிருக்காது. ஆனால் அடுத்த சனிக்கிழமை மோத வேண்டிய அணியின் பழைய ஆட்டங்கள் எல்லாம் அதற்குள் வெட்டி, அடுக்கி, கோச்சுகளின் கம்ப்யூட்டரில் தயாராக இருக்க வேண்டும். மேற்படிப்புக் காலத்தில் அந்த வேலையைச் செய்த மாணவர் கூட்டத்தில் நானும் ஒருவன். மாணவர் விசாவில் இருப்பவர்கள் படிப்பு நடக்கிற மாதங்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். நூலகத்திலும் கேன்டீனிலும் இடமில்லை. வீடியோ எடிட்டிங் தெரியும் என்றதும் விளையாட்டுத் துறையில் எடுத்துக்கொண்டார்கள். பந்தைக் கையில் ஏந்தி ஹெல்மெட்டோடு முட்டி மோதுகிற அந்த ஆட்டம் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அதுவே நல்லது, ஆட்டம் தெரிந்தவன் கேமராவை மறந்துவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிடுவான் என்றார் வீடியோ அறைத் தலைவர்.

ஒரு கேமரா பக்கவாட்டில், பிரஸ் பாக்ஸ் உயரத்தில். இன்னொன்று கோல் கம்பத்துக்குப் பின்னால். ஒவ்வொரு முறை பந்து நகர்வதற்கு முன்பும் ஸ்கோர்போர்டை ஒரு நொடி எடுக்க வேண்டும். எத்தனையாவது முயற்சி, இன்னும் எத்தனை கஜம் பாக்கி என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அப்புறம் 22 வீரர்களும் தெரிகிற மாதிரி அகலமாக வைத்து, விசில் ஊதும்வரை விடாமல் தொடர வேண்டும். இப்படி எடுத்த படத்தை அணிகள் ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்ளும். நம் ஆட்டத்தை நாமே எதிரணிக்கு அனுப்பிவைக்கிறோம் என்பது எனக்கு முதலில் விசித்திரமாகத்தான் இருந்தது. எல்லாருக்கும் ஒரே சரக்கு, யார் கூர்ந்து பார்க்கிறார்கள் என்பதில்தான் போட்டி என்பது போகப்போகப் புரிந்தது.

பயிற்சி நாட்களில் உயரத் தூக்கும் லிஃப்ட் மேடையில் ஏறி நின்று படம் எடுப்போம். 2010-ல் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் பலத்த காற்றில் அப்படி ஒரு மேடை சாய்ந்து, மேலே நின்ற மாணவர் இறந்துபோனார். வீடியோ பையன்கள் என்று ஒரு இனம் இருப்பதே அந்தச் செய்தியால்தான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது என்று எங்கள் அறையில் சொல்வார்கள்.

நான் வேலை பார்த்த காலத்தில் கல்லூரி ஆட்டத்தில் ஹெல்மெட் ரேடியோ கிடையாது. தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் 1994 முதலே, களத்தில் ஆட்டத்தை நடத்தும் வீரரான குவார்ட்டர்பேக்கின் காதில் கோச் பேசலாம். கல்லூரிகளுக்கு அந்த வசதி வந்தது 2024-ல். அதுவரை, 40 நொடிக்குள் அடுத்து என்ன ஆடப்போகிறோம் என்பதைக் கோட்டுக்கு வெளியே நின்று ஊரறியச் சைகையில்தான் சொல்ல வேண்டும். எதிரணி கோச் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் ஏகப்பட்ட தில்லாலங்கடி வேலைகள். வேறு வேறு நிறத் தொப்பியோடு மூன்று பேர் ஒரே நேரத்தில் கையை ஆட்டுவார்கள். அதில் ஒருவன் காட்டுவதுதான் நிஜம். அது யார் என்பதும் ஆட்டத்தின் நடுவே மாறும். நான்கு படங்கள் ஒட்டிய பெரிய அட்டைகளை ஓரிகான் அணி பிரபலமாக்கியது. டிவி அறிவிப்பாளர்களின் முகங்கள்கூட அதில் இருந்தன. எந்த மூலைப் படம் எதைக் குறிக்கிறது என்பது வீரர்களுக்கு மட்டும் தெரியும்.

எங்கள் அணியில் ஒரு ஜி.ஏ., அதாவது கிராஜுவேட் அசிஸ்டென்ட், இருந்தார். கோச் ஆகிவிட வேண்டும் என்ற கனவோடு, படித்துக்கொண்டே, சொற்ப உதவித்தொகைக்கு ராப்பகலாக உழைக்கிற இளைஞர்களை அப்படித்தான் அழைப்பார்கள். எதிரணியின் சைகைகளைப் படித்து, தடுப்பாட்டத்தைக் கவனிக்கும் டிஃபன்ஸ் கோச்சுக்குச் சொல்வது அவர் பொறுப்பு. நாங்கள் எடுத்த படமோ மற்ற அணிகள் அனுப்பிய படமோ அவருக்கு உதவாது. அவற்றில் ஓரத்தில் நிற்பவர்கள் தெரியமாட்டார்கள். அவர் கேட்பது டிவி காப்பி. ஆட்டம் நின்றிருக்கும் நேரத்தில் ஒளிபரப்பில் கோச்சின் முகத்தைக் காட்டுவார்கள். அந்த முகத்துக்குப் பின்னால் ஓரிரு நொடி ஒரு பையன் கையை ஆட்டிக்கொண்டிருப்பான். அதை மட்டும் நான் வெட்டித் தர வேண்டும். ஒரு ஆட்டத்தில் பத்துப் பன்னிரண்டு துண்டு தேறினால் அதிகம்.

அவர் மஞ்சள் நோட்டில் எழுதிக்கொண்டே வருவார். வலது கை ஹெல்மெட் மேல், அப்புறம் இரண்டு முழங்கையையும் தட்டுகிறான்: இடது பக்கம் ஓட்டம். அடுத்த ஆட்டத்திலும் அதே தட்டல், அதே ஓட்டம். அதற்கடுத்த ஆட்டத்தில் தட்டிவிட்டு, பந்தோடு ஓடாமல் அதை எறிந்து பாஸ் போட்டார்கள். நோட்டில் ஒரு கேள்விக்குறி. முதல் இரண்டிலும் தட்டியவன் தொப்பி வெள்ளை, இவன் தொப்பி சிவப்பு என்று கண்டுபிடிக்கும்போது நள்ளிரவு நெருங்கியிருக்கும். ஆட்ட நாளில் அவர் டிஃபன்ஸ் கோச்சின் தோளருகே நின்று "ரன்" அல்லது "பாஸ்" என்று மட்டும் சொல்வார். சரியாக இருந்தால் கோச் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். தப்பாகப் போனால் அரை ஸ்டேடியத்துக்குக் கேட்கிற மாதிரி திட்டு விழும்.

இதெல்லாம் விதிப்படி சரிதான். எதிரணியின் சைகையைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்வதை யாரும் தடுக்கவில்லை. தடை இரண்டுக்கு. ஒன்று, எதிரணியின் சைகைகளை நாமே வீடியோவிலோ ஒலியாகவோ பதிவுசெய்வது. இன்னொன்று, அந்த சீசனில் நாம் மோதப்போகிற அணியின் ஆட்டத்துக்கு நேரில் ஆள் அனுப்பி உளவு பார்ப்பது. இரண்டாவது விதி 1994-ல் வந்தது. நேர்மையைக் காப்பாற்றுவதைவிடச் செலவைக் குறைப்பதுதான் அதன் முக்கிய நோக்கம். பணக்காரக் கல்லூரி ஊர் ஊராக ஆள் அனுப்பும், ஏழைக் கல்லூரியால் முடியாது. சரி, யாருமே அனுப்ப வேண்டாம் என்று முடிவு செய்தார்கள்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கானர் ஸ்டாலியன்ஸ் இந்த இடத்தில்தான் கோட்டைத் தாண்டினார். அவர் கடற்படை அகாடமியில் படித்தவர், மரைன் படையில் கேப்டனாக இருந்தவர். சின்ன வயதிலிருந்தே மிச்சிகன் அணி மேல் பைத்தியம். அணியில் அவருக்குக் கிடைத்தது ஆள்சேர்ப்புப் பிரிவில் ஒரு கீழ்நிலை வேலை, சம்பளம் ஆண்டுக்கு சுமார் 55,000 டாலர். பல லட்சங்களில் சம்பளம் வாங்கும் கோச்சுகளுக்கு நடுவே அது டீ செலவு மாதிரி. ஆனால் ஆட்ட நாளில் அவர் நின்ற இடம் கோச்சுகளின் பக்கத்தில். 2023 அக்டோபரில் விஷயம் வெடித்தபோது வந்த செய்திகளின்படி, மூன்று ஆண்டுகளில் தன் சொந்தப் பெயரிலேயே 30-க்கும் மேற்பட்ட ஆட்டங்களுக்கு டிக்கெட் வாங்கி, தெரிந்தவர்களுக்கு அனுப்பிவைத்திருக்கிறார். அவர்கள் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து கோச்சுகளின் சைகையை போனில் பதிவுசெய்திருக்கிறார்கள். உளவு பார்க்கிறவர் சொந்தப் பெயரில் டிக்கெட் வாங்குவாரா என்று எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. மறைக்க வேண்டிய காரியம் செய்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. வேலையை மற்றவர்களைவிட ஒரு படி மேலே செய்கிறோம் என்றுதான் நினைத்திருப்பார்.

நான் இரவெல்லாம் உட்கார்ந்து பத்துத் துண்டு தேற்றிய இடத்தில் அவரிடம் முழு ஆட்டத்தின் சைகையும் இருந்திருக்கும். எங்கள் ஜி.ஏ. ஒரு நாள் காலை அப்படி ஒரு தொகுப்போடு வந்து நின்றிருந்தால் டிஃபன்ஸ் கோச் என்ன கேட்டிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். "எத்தனை இருக்கிறது?" என்று கேட்டிருப்பார். "எங்கிருந்து வந்தது?" என்று கேட்டிருக்க மாட்டார். டிவியில் எந்த ஆட்டத்திலும் அவ்வளவு சைகை தெரியாது என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். கேட்டால் பதில் வந்துவிடும்.

இது ஃபுட்பாலோடு முடிகிற சமாச்சாரம் இல்லை. பிறகு நான் டேட்டா வேலைக்கு மாறினேன். ஒரு நிறுவனத்தில் இருந்தபோது, போட்டியாளரின் விலைப்பட்டியல் எக்செல் தாளாக மீட்டிங்குக்கு வந்தது. எந்த வாடிக்கையாளருக்கு எத்தனை சதவீதத் தள்ளுபடி என்பது வரை அதில் இருந்தது. கொண்டுவந்தது வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன ஒரு பையன். பலே, இதை நம் கணக்கோடு சேர்த்துவிடு என்று அவன் தோளைத் தட்டினார் மேலாளர். கொஞ்ச நாள் கழித்துச் சட்டப் பிரிவிலிருந்து விசாரணை வந்தது. அன்றைக்கு அறையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் யாருக்கும் அந்தத் தாள் எப்படி வந்தது என்று தெரியாமல் போய்விட்டது. பையனுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

மிச்சிகனிலும் ஹெட் கோச் ஜிம் ஹார்பா தனக்கு எதுவும் தெரியாது என்றார். மிச்சிகன் ஆடுகிற பிக் டென் கல்லூரிக் கூட்டமைப்பும் அவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு ஆதாரம் காட்டவில்லை. அணி செய்த தவறுக்கு அணியின் தலைவர் வெளியே நிற்க வேண்டும் என்று நவம்பர் 10-ம் தேதி மூன்று ஆட்டங்களுக்கு அவரைத் தடை செய்தது. மறுநாள் பென் ஸ்டேட் அணியோடு ஆட்டம். பொறுப்பேற்ற ஷெரோன் மூர் பாதி ஆட்டத்துக்கு மேல் பாஸே போடாமல் ஓடியே 24-15 என்று ஜெயித்துக் காட்டினார். ஸ்டாலியன்ஸ் அதற்கு ஒரு வாரம் முன்பே ராஜினாமா செய்திருந்தார். அந்த சீசனில் மிச்சிகன் 15 ஆட்டத்தில் 15-ம் வென்று, 2024 ஜனவரியில் வாஷிங்டனை 34-13 என்று தோற்கடித்து தேசிய சாம்பியன் ஆனது.

ஆள் போன பிறகும் ஜெயித்தோமே, அப்படியானால் அவரால் என்ன லாபம் என்று மிச்சிகன் ரசிகர்கள் கேட்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை இது பாதி நியாயம். நல்ல அணிதான், மறுக்க முடியாது. ஆனால் வரப்போவது ஓட்டமா பாஸா என்று பந்து நகரும் முன்பே தெரிவது என்ன மாதிரி வசதி என்பதை ஜி.ஏ.வின் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் சரியாகச் சொன்னாலே டிஃபன்ஸ் கோச்சின் நடை மாறிவிடும். இன்னொரு பக்கம், சைகை திருடப்படுகிறது என்று முன்பே தெரிந்துவிட்டால் அதே வசதி திருப்பி அடிக்கும். 2022-ம் ஆண்டின் கடைசி நாளில் நடந்த ஃபியஸ்டா பௌல் என்ற அரையிறுதி ஆட்டத்தில் டிசியூ (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) அணி போலிச் சைகைகளைக் கலந்து காட்டி, மிச்சிகனை 51-45 என்று வென்றது.

கடைசியில் 2025 ஆகஸ்டில்தான் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ தீர்ப்பு சொன்னது. ஸ்டாலியன்ஸை எந்தக் கல்லூரி வேலைக்கு எடுத்தாலும் அவருக்கு எட்டு ஆண்டுக் கட்டுப்பாடு உண்டு. ஹார்பாவுக்கு அதே மாதிரி பத்து ஆண்டு. அவர் அதற்கு முன்பே என்எஃப்எல்லில் சார்ஜர்ஸ் அணியின் ஹெட் கோச்சாகப் போய்விட்டதால் அது காகிதத்தில் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு 2 கோடி டாலரைத் தாண்டும் என்று மதிப்பிடப்பட்ட அபராதம். கோப்பையைப் பறிக்கவில்லை. ஸ்டாலியன்ஸோடு நடந்த 52 குறுஞ்செய்திகளை அழித்த மூருக்குச் சில ஆட்டங்கள் தடை. ஸ்டாலியன்ஸ் தன் போனைக் குளத்தில் எறிந்தார் என்ற விவரமும் அதில் வந்தது. தண்டனையில் யாருக்கு எது வலித்திருக்கும் என்று பார்த்தால், கல்லூரி ஃபுட்பாலுக்கு எளிதில் திரும்ப முடியாதவர் 55,000 டாலர்காரர்தான். அவர் மேல் எனக்கு இரக்கம் இல்லை, செய்தது திருட்டுதான். ஆனால் கணக்கு இப்படித்தான் முடியும் என்பது வீடியோ அறையில் உட்கார்ந்த யாருக்கும் ஆச்சரியமாக இருந்திருக்காது.

இப்போது ரேடியோ வந்துவிட்டது. களத்தில் ஒரே ஒரு வீரரின் ஹெல்மெட்டில் மட்டும் பச்சைப் புள்ளி இருக்கும், அவர் காதில் கோச் பேசலாம். அந்த 40 நொடிக் கடிகாரத்தில் 15 நொடி இருக்கும்போது இணைப்பு துண்டிக்கப்படும். மற்ற பத்துப் பேருக்கும் சேதி போக வேண்டுமே, அதனால் அவசரமாக ஆடுகிற அணிகள் இன்னும் ஓரத்தில் கையை ஆட்டிக்கொண்டுதான் இருக்கின்றன.

எங்கள் ஜி.ஏ. இன்று வேறொரு பல்கலைக்கழகத்தில் டிஃபன்ஸ் கோச்சுகளில் ஒருவர். போன சீசனில் போனில் பேசியபோது, உன் கீழே வேலை பார்க்கிற பையனிடம் இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறாயா என்றேன். கேட்பதில்லையாம், அதற்குப் பதில் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார். எந்த கிளிப்பாக இருந்தாலும் மூலையில் டிவி சேனலின் லோகோ தெரிய வேண்டும். அதை வெட்டிவிட்டுக் கொடுத்தால் பார்க்கமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டாராம். அப்புறம் அந்த வார எதிரணியில் நீலத் தொப்பிக்காரன் ஒருவனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். போனை வைக்க அரை மணி நேரம் ஆனது.