ஓமவல்லி இலைக்குள் இருக்கும் ஓமம்

எங்கள் திருநகர் வீட்டுப் பின்வாசலில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஓர் ஓமவல்லிச் செடி நிற்கிறது. அப்பத்தா உசிலம்பட்டியிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து ஊன்றிய கிளையின் வழிவந்தது அது. சிறு வயதில் எங்களுக்குச் சளி கட்டினால், அதன் இலையை விளக்குச் சுடரில் வாட்டிச் சாறு பிழிந்து, தேனில் குழைத்து நாக்கில் தடவுவார். ஓமவல்லி என்ற பெயரே அச்செடியின் வேதியியலைப் பாதிக்குமேல் சொல்லிவிடுகிறது என்பது, பின்னாளில் வேதியியல் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

ஓமத்துக்கு அந்த மணத்தைத் தருவது தைமால். ஓமவல்லி எண்ணெயிலும் தைமால் உண்டு. அதனுடன் கார்வக்ரால் என்னும் இன்னொரு மணப்பொருளும் உண்டு. இரண்டு மூலக்கூறுகளிலும் 10 கார்பன், 14 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் அணுக்களே உள்ளன; கார்பன் வளையத்தில் ஹைட்ராக்சில் தொகுதி (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் இணைந்த கூறு) எந்த இடத்தில் அமர்கிறது என்பது மட்டுமே வேறுபாடு. ஆனால் அந்த இடமாற்றத்தால் கார்வக்ரால் நீர்மமாகவும், தைமால் ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸில் உருகும் படிகமாகவும் இருக்கின்றன. கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் ஓம உப்பு என்று கேட்டால் கிடைப்பது இந்தத் தைமால் படிகமே. அதனுடன் புதினா உப்பையும் பச்சைக் கற்பூரத்தையும் ஒரு சீசாவில் போட்டுக் குலுக்கினால், ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்காமலேயே மூன்றும் இளகி நீர்மமாகிவிடும். ஒன்றோடொன்று கலக்கும்போது அவற்றின் உருகுநிலை தாழ்ந்துவிடுவதே காரணம்.

ஒரு செடியில் கார்வக்ரால் மிகுந்திருக்கும், இன்னொன்றில் தைமால் மிகுந்திருக்கும். மண், பருவம், செடியின் வகை எல்லாம் இதில் சேர்கின்றன. ஆகவே, ஓமவல்லியில் இத்தனை சதவீதம் என்று ஒரே எண்ணை எல்லாச் செடிக்கும் பொருத்துவதை நான் ஏற்பதில்லை.

எண்ணெய் இருப்பது இலையின் மேலுள்ள நுண்ணிய சுரப்பித் தூவிகளில். அதனால்தான் கசக்கிய உடனே மணம் எழுகிறது. இதை மறந்து, ஒரு சித்திரை மாதத்தில் இலைகளை மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டேன். சதைப்பற்றுள்ள இலைகள் கறுத்துச் சுருங்கின. மணம் பெரும்பகுதி போய்விட்டது. நிழலில்தான் உலர்த்த வேண்டும்.

ஆக்சிஜனால் பொருள்கள் கெடுவதைத் தடுக்கும் எதிர் ஆக்சிஜனேற்றப் பண்பும் அந்த ஹைட்ராக்சில் தொகுதியிலிருந்தே வருகிறது. கொழுப்பு கெட்டுச் சிக்கு வாடை அடிப்பது ஒரு சங்கிலி வினை. ஒரு தனி உறுப்பு (இணை சேராத எலக்ட்ரான் உள்ள, வினைபுரியத் துடிக்கும் மூலக்கூறு) அடுத்ததிலிருந்து ஹைட்ரஜனைப் பறித்துப் புதிய தனி உறுப்பை உண்டாக்கிக்கொண்டே போகும். தைமாலும் கார்வக்ராலும் பீனால்கள், அதாவது வளையத்தோடு நேராக ஹைட்ராக்சில் தொகுதி இணைந்தவை, ஆதலால் தம் ஹைட்ரஜனை முந்திக் கொடுத்து அந்தச் சங்கிலியை அறுக்கின்றன. இதை ஆய்வகத்தில் காண தனி உறுப்பாகவே நிலைத்து நிற்கும் டி.பி.பி.எச். என்னும் சேர்மத்தின் ஊதா நிறக் கரைசல் பயன்படுகிறது. இலைச் சாற்றைச் சேர்க்கச் சேர்க்க ஊதா வெளிறி மஞ்சளாகும். 517 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி உட்கவர்தல் எவ்வளவு குறைந்தது என்று அளக்கிறார்கள். சோதனைக் குழாயில் நிறம் மாறியதைக் கொண்டு உடம்பில் நோய் தீரும் என்று எழுத எனக்கு மனம் வருவதில்லை. செரிமானத்துக்குப் பின் எவ்வளவு இரத்தத்தில் சேர்கிறது என்பது வேறு கேள்வி.

ஓமவல்லி இலையைப் போட்டுக் காய்ச்சும் கஷாயத்தில் இன்னொரு பொருளும் இறங்குகிறது. துளசிக் குடும்பத்துச் செடிகள் பலவற்றில் உள்ள ரோஸ்மரினிக் அமிலம் ஓமவல்லியிலும் உண்டு. 1958-இல் ரோஸ்மேரியிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்ட இதுவும் எதிர் ஆக்சிஜனேற்றியே. இது ஆவியோடு போகாமல் நீரிலேயே தங்கும். கார்வக்ராலின் கொதிநிலை 230 டிகிரிக்கும் மேல் என்றாலும், கொதிக்கும் தண்ணீரின் ஆவி அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு போய்விடும். வாலையில், அதாவது ஆவியாக்கிக் குளிர்வித்து வடிக்கும் கலத்தில், எண்ணெய் இறக்குவதும் இந்த இயல்பைக் கொண்டுதான். திறந்த பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சும்போது சமையலறை முழுவதும் மணக்கிறதே, அது கஷாயத்திலிருந்து போன எண்ணெய். ஆகையால் நான் அடுப்பை அணைத்த பிறகே இலைகளைக் கிள்ளிப் போட்டு மூடிவைக்கிறேன். பத்து நிமிடம் கழித்து மூடியைத் தூக்கினால் அதன் உட்புறத்தில் துளிகள் கோத்து நிற்கும். அவற்றையும் பாத்திரத்துக்குள்ளேயே வழித்துவிட்டுத்தான் வடிகட்டுகிறேன்.