அப்பா வைத்த வேண்டுதலும் அமிர்தசரஸ் அர்தாஸும்

சீக்கியர்களின் அமிர்தசரஸ் பொற்கோயிலில் ஒரு தடவை போய் நின்று கும்பிட்டுவிட்டு வரவேண்டும் என்பது அப்பா வைத்த வேண்டுதல். அவர் ராணுவத்தில் இருந்தவர். பஞ்சாபில் பிரோஸ்பூர் குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்த காலத்தில், கைக்குழந்தையான எனக்கு நிமோனியா வந்து, பிழைப்பேனா என்றே ஆகிவிட்டதாம். பக்கத்து வீட்டு சர்தார்ஜி ஹவில்தார் குருத்வாராவில், அதாவது சீக்கியக் கோயிலில், எனக்காக அர்தாஸ் என்னும் அவர்களுடைய பிரார்த்தனையைச் சொல்லவைத்து, கோதுமை மாவும் நெய்யும் சேர்த்துக் கிண்டிய கடா பிரசாதத்தைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்திருக்கிறார். காய்ச்சல் இறங்கியது. ஹர்மந்திர் சாஹிப்புக்கு, அதுதான் பொற்கோயிலுக்கு, வருகிறேன் என்று அப்பா அன்றைக்கே வேண்டிக்கொண்டார். அப்புறம் மாற்றல், தங்கைகளின் கல்யாணம், வீட்டுக் கடன் என்று தள்ளிக்கொண்டே போய், போன வருஷம் அப்பாவே தவறிவிட்டார்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மா வேண்டாத தெய்வம் இல்லை. சமயபுரத்தாளுக்கும் வைத்தீஸ்வரனுக்கும் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். எதுவும் கைகொடுக்கவில்லை. காரியம் முடிந்த பிறகு, “இனிமே நான் யார்கிட்டயும் எதுவும் கேக்கப் போறதில்லை” என்று விளக்கேற்றுவதையே விட்டுவிட்டாள். அப்பாவுடைய பாக்கி ஒன்று இருக்கிறது, அதைத் தீர்த்துவிடுவோம் என்று சொல்லித்தான் அவளை ரயிலேற்ற முடிந்தது.

ஊருக்குள் இறங்கியதிலிருந்து கோயில் வாசல்வரை பட்ட பாடு தனி. வாகா எல்லைக்கு வண்டி வேண்டுமா என்று ஆள்மாற்றி ஆள் பையைப் பிடித்து இழுக்கிறார்கள். தலையில் கட்டும் காவித்துணியை விற்பவர்கள், “இது இல்லாம உள்ளே விடமாட்டாங்க” என்று வழிமறித்து அம்மா தலையிலேயே கட்டப் போகிறார்கள். வாசலிலேயே ஒரு பெட்டி நிறையத் துணி வைத்திருக்கிறார்கள், காசு கிடையாது, யாரும் எடுத்துக் கட்டிக்கொள்ளலாம். புடவைத் தலைப்பைப் போட்டுக்கொண்டாலே போதும். வயதானவர்களைப் பயமுறுத்தி விற்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் வாசலைத் தாண்டியபிறகு எங்களிடம் ஒரு ரூபாய் கேட்டவர் இல்லை. செருப்பு வைக்கும் இடத்தில் வெள்ளைத் தாடிப் பெரியவர் ஒருவர் அம்மாவின் தேய்ந்த செருப்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அம்மா கூசிப்போனாள்.

இன்னும் விடியவில்லை. டிசம்பர் குளிர், பளிங்குத் தரை பனிக்கட்டிபோல் உள்ளங்காலைச் சுட்டது. விரிப்பு போட்ட வழியிலேயே அம்மாவை நடத்திக்கொண்டு போனேன். நான்காம் குரு ராம்தாஸ் 1577ல் வெட்டத் தொடங்கிய திருக்குளம் இது. அதன் நடுவில் ஐந்தாம் குரு அர்ஜன் எழுப்பிய கோயிலுக்கு நான்கு பக்கமும் வாசல், யாரும் எந்தத் திசையிலிருந்தும் வரலாம். அவரே தொகுத்த சீக்கியர்களின் புனித நூலான கிரந்தத்தை 1604ல் இங்கே எழுந்தருளச் செய்தார். கபீரும் சூஃபி ஞானி ஷேக் ஃபரீதும், நம் பஜனை மடங்களில் பாடுகிற பண்டரிபுரத்து நாமதேவரும் தம் பாடல்களோடு அதற்குள் இருக்கிறார்கள். இதெல்லாம் முன்பே தெரிந்திருந்தும், தண்ணீரில் அந்தப் பொன் விளக்கொளி தெரிந்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பாலத்தில் வரிசை நகரவே இல்லை. பின்னால் வந்த கூட்டம் ஒன்று முழங்கையால் இடித்து முன்னேறப் பார்த்தது. கூட்டத்தில் நசுங்கிக் குழந்தைகள் அழுதார்கள். அம்மாவுக்கு மூட்டு வலி, என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். பக்கத்தில் நின்ற ஜலந்தர்க்கார அம்மாள் ஒருவர் தன் சால்வையில் பாதியை அம்மாமேல் போர்த்திவிட்டு, “வாங்க பேஹன்ஜி, என்மேலே சாய்ஞ்சுக்கோங்க” என்றார். பேஹன்ஜி என்றால் சகோதரி. குவார்ட்டர்ஸில் கற்ற பஞ்சாபி அம்மாவுக்கு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. கனடாவில் இருக்கும் மருமகளுக்குப் பிரசவம் நெருங்குகிறதாம், தன்னால் போகமுடியவில்லையாம், அதற்காகத்தான் வந்தேன் என்றார்.

அம்மா நேராகவே கேட்டுவிட்டாள்: “கேட்டா குடுத்துடுவாரா?”

அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. “கேக்கலாம். அப்பாகிட்ட கேக்காம பிள்ளை யார்கிட்ட போய்க் கேக்கும்? குடுக்கிறது அவர் இஷ்டம். குடுக்கலேன்னா தாங்கிக்கிற மனசையும் அவர்கிட்டதான் கேக்கணும்” என்றார். குரு அர்ஜன் கதையைச் சொன்னார். 1606ல் லாகூரில் முகலாய அதிகாரிகள் அவரைக் கொதிக்கும் இரும்புத் தட்டில் உட்காரவைத்து, சுடுமணலைத் தலையில் கொட்டினார்கள். ‘நீ செய்வது எனக்கு இனிக்கிறது, நானக் வேண்டுவது ஹரி நாமம் ஒன்றே’ என்கிற தம் வாக்கையே அப்போதும் சொன்னார் என்பது அவர்கள் மரபு. பாட்டில் குருமார்கள் தங்களை நானக் என்றே சொல்லிக்கொள்வார்கள். அம்மா பதில் பேசவில்லை.

கொஞ்ச நேரத்தில் உள்ளே கீர்த்தனை நின்றது. ஒலிபெருக்கியில் அர்தாஸ் தொடங்கியது. அடுத்து நடந்ததை எப்படிச் சொல்வேன்! இடித்துக்கொண்டிருந்த கூட்டம் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. பிரகாரத்தில் நடந்துகொண்டிருந்தவர்கள், தரை துடைத்துக்கொண்டிருந்தவர்கள், குளத்தில் இறங்கி நின்றவர்கள் எல்லாரும் கைகூப்பி ஹர்மந்திரைப் பார்த்து நின்றார்கள். எங்களை இடித்த பையனும் கண்ணை மூடியிருந்தான்.

அர்தாஸில் எடுத்ததும் கேட்பதில்லை. முதலில் நினைக்கிறார்கள். முதல் குரு நானக்கிலிருந்து ஒவ்வொரு குருவையும், குரு கேட்டதும் தலையைக் கொடுக்க முன்வந்த ஐந்து அன்பர்களையும், பத்தாம் குரு கோபிந்த் சிங்கின் நான்கு பிள்ளைகளையும் நினைக்கிறார்கள். அங்கம் அங்கமாக வெட்டப்பட்டவர்களையும், ரம்பத்தால் அறுக்கப்பட்டவர்களையும், கண்முன்னே பிள்ளைகளைப் பறிகொடுத்தும் நம்பிக்கையை விடாத தாய்மார்களையும் நினைக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் கூட்டம் முழுக்க “வாஹேகுரு” என்று கடவுள் பெயரைச் சொல்கிறது. அந்தத் தாய்மார்களைச் சொன்ன இடத்தில் அம்மா என் தோளிலிருந்து கையை எடுத்துக் கும்பிட்டாள். அப்பா போனதிலிருந்து அவள் கை அப்படிக் கூடி நான் பார்க்கவில்லை.

அப்புறம்தான் கேட்கிறார்கள். பொன்னோ பொருளோ அல்ல, விவேகம் கொடு, நம்பிக்கை கொடு, எல்லாவற்றுக்கும் மேலாக உன் நாமத்தைக் கொடு என்று. நாட்டுப் பிரிவினையில் பாகிஸ்தான் பக்கம் போய்விட்ட, குரு நானக் பிறந்த நங்கானா சாஹிப்பைத் தடையில்லாமல் தரிசிக்கக் கொடு என்று, 1947க்குப் பிறகு சேர்த்துக்கொண்ட வேண்டுகோள் இன்றும் தொடர்கிறது. நாதியற்றவர்க்கு நாதியே, பலமற்றவர்க்குப் பலமே என்று அழைத்து, முடிவில் ‘சர்பத் தா பலா’, உன் சித்தப்படி எல்லாருக்கும் நல்லது நடக்கட்டும் என்று நிறுத்துகிறார்கள். எங்கோ ஒரு குவார்ட்டர்ஸில் மூச்சுத் திணறிய ஒரு தமிழ்க் குழந்தைக்கும் அந்த வார்த்தைக்குள் இடம் இருந்திருக்கிறது என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஈரப் பளிங்கில் எல்லாரும் நெற்றியை வைத்தார்கள். நாங்களும் வைத்தோம்.

உள்ளே கிடைத்தது சில நிமிடங்கள்தான். விதானத்தின் கீழ் குரு கிரந்த் சாஹிப், மேலே சாமரம் வீசுகிறார்கள், ஒரு பக்கம் ராகிகள் என்னும் பாடகர்களின் ஆர்மோனியமும் தபலாவும். அம்மா தலையைத் தாழ்த்தியவள் எழுந்திருக்கவில்லை. ஜருகண்டி ஜருகண்டி என்று பிடித்துத் தள்ளுவார்களோ என்று நான் பதறினேன். அங்கே தொண்டு செய்யும் சேவாதார் ஒருவர் பின்னால் வந்தவர்களைக் கைநீட்டி நிறுத்திவைத்தார். அவர் நன்றாக இருக்கவேண்டும்!

வெளியே வந்து பிரசாதத்தை இரண்டு கையிலும் வாங்கினோம். நெய் விரலிடுக்கில் வழிந்தது. என்னம்மா வேண்டிக்கிட்டே என்று கேட்டேன். “உங்கப்பா வரமுடியலை, நான் வந்துட்டேன்னு சொன்னேன். அப்புறம் அந்தப் பேஹன்ஜி மருமகளுக்கு நல்லபடியா பிரசவம் ஆகணும்னு கேட்டேன்” என்றாள். தனக்கு? “எனக்கு என்ன, எல்லாருக்கும்னு அவங்களே சொல்லிட்டாங்களே.”

லங்கர் என்னும் அன்னதானக் கூடத்தில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்தோம். “பிரசாதா ஜி” என்று ரொட்டியைக் கொண்டுவந்தவரிடம் கையேந்தி வாங்கினோம். பருப்பு, கீர், சூடான டீ. இரவும் பகலும் இந்த அடுப்பு அணைவதில்லை, இன்னார் என்று யாரையும் கேட்பதில்லை. சாப்பிட்டு எழுந்ததும் அம்மா ரொட்டி தேய்க்கும் பெண்கள் கூட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். மூட்டு வலி என்ன ஆனதோ தெரியவில்லை, ரயிலுக்கு நேரமாச்சு என்று நான் கூப்பிட்டால், “இந்த மாவு தீரட்டும் இரு” என்கிறாள்.

சால்வையில் பாதி கொடுத்த அந்த அம்மாளுக்கும், செருப்பைக் கையில் வாங்கிய பெரியவருக்கும், முகம் தெரியாத எங்களுக்கும் சேர்த்து நாள்தோறும் நல்லது கேட்டு நிற்கிற அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பத்தின் கோடி நமஸ்காரம். வாஹேகுரு ஜி கா கால்ஸா, வாஹேகுரு ஜி கீ ஃபதே!