சீப்பு எந்தப் பக்கம்?

தாராவியில் 90 அடி சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், கோயில் மண்டபத்தில்தான் எங்கள் கண் பரிசோதனை முகாம் நடக்கிறது. பக்தி காரணமில்லை. பார்வை அட்டையை ஆறு மீட்டர் தள்ளி மாட்ட வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் அடுப்பு, கட்டில், பீரோ, ஐந்து பேர் என்று வாழ்கிற இடத்தில் ஆறு மீட்டருக்கு நான் எங்கே போவேன்?

எழுத்து தெரியாதவர்களுக்கு ஆங்கில 'ஈ' மட்டும் உள்ள அட்டை. அது மேலும் கீழும் பக்கவாட்டிலும் திரும்பி நிற்கும். நான் அதைச் சீப்பு என்பேன். பல் எந்தப் பக்கம் என்று கையைக் காட்டினால் போதும்.

அன்று வந்த ஆச்சிக்கு எழுபது வயதிருக்கும். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். விடியுமுன் எழுந்து இட்லி அவித்துக் கொடுப்பார். மகன் சைக்கிளில் கொண்டுபோய் விற்பார். ஒரு கண்ணை மூடச் சொன்னேன். மேல், வலது, கீழ், இடது என்று கை பறந்தது. மறு கண்ணிலும் அப்படியே. இரண்டு கண்ணுக்கும் 6/9, அதாவது நல்ல கண் ஒன்பது மீட்டரில் காண்பதை ஆறு மீட்டரில் காண்கிறார் என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். "தம்பி, நான் பாஸா?" என்று கேட்டுச் சிரித்தார்.

வாசலைத் தற்செயலாகத்தான் பார்த்தேன். யாரோ செருப்புகளை ஓரமாகத் தள்ளிவிட்டிருந்தார்கள். ஆச்சி தன் செருப்பைக் கண்ணால் தேடவில்லை. வலது காலால் ஒவ்வொரு ஜோடியாகத் தடவிக்கொண்டிருந்தார்.

திரும்ப அழைத்து அட்டையைத் தலைகீழாக மாட்டினேன். கை பழைய பாட்டையே பாடியது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தில், முன்னால் போனவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டு வரிசையை மனப்பாடம் செய்திருக்கிறார்! வலது கண்ணில் புரை முற்றி வெண்மையாகிவிட்டது. இரண்டு மீட்டரில் விரலை எண்ணத்தான் முடிந்தது. இடது கண் 6/36. ஊசித்துளை அட்டை வழியாகப் பார்க்கச் சொன்னேன். கண்ணாடியால் சரியாகிற குறை என்றால் அதில் ஓரளவு தெளியும். தெளியவில்லை.

ஏன் ஆச்சி இப்படி என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக் கிழவி கண் மங்குகிறது என்று சொன்னாளாம். அடுத்த மாதமே நாகர்கோவில் ரயிலில் ஏற்றிவிட்டார்களாம். "அங்கே எனக்கு யார் இருக்கிறார்கள்? நான் பிறந்ததே இந்தச் சந்தில்தான்."

பக்கப்பார்வையைத் தின்னும் கண் நீர் அழுத்த நோய் இந்த அட்டையில் சிக்காது என்று படிக்கும்போதே சொல்லிக்கொடுத்தார்கள். பயம் சிக்காது என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

2015 முதல் 2019 வரை நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில், ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் பார்வையிழப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்குக்குப் புரைதான் காரணம் என்று தெரிந்தது. அதற்கிடையில் 2017-இல் பார்வையற்றோர் வரையறை 6/60-இலிருந்து 3/60 ஆக மாறியது. நல்ல கண் அறுபது மீட்டரில் காண்பதை மூன்று மீட்டரில்கூடக் காணாதவர்தான் இப்போது கணக்கில் பார்வையற்றவர். அறுவை சிகிச்சையே இல்லாமல் எத்தனையோ பேருக்குக் காகிதத்தில் கண் திறந்தது. நல்ல கண்ணைத்தான் கணக்கில் எடுப்பார்கள் என்பதால் ஆச்சி பழைய கணக்கிலும் வரமாட்டார், புதியதிலும் வரமாட்டார். வீட்டில் உப்பு டப்பா இடம் மாறாதவரை மகனுக்கும் தெரியாது. கொதிக்கிற சத்தத்தை வைத்தே இட்லிப் பானையை இறக்கிவிடுகிறவரிடம் என்ன குறையைக் கண்டுபிடிப்பார்கள்? ரூபாய் நோட்டுதான் தொல்லையாம். புதிய நூறுக்கும் இருநூறுக்கும் நீளத்தில் நான்கு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். விரலால் அளந்து பார்த்து இரண்டு முறை ஏமாந்திருக்கிறார்.

அறுவை சிகிச்சை அரை மணி நேரம்கூட ஆகாது, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம் என்றேன். அதையெல்லாம் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எத்தனை நாள் அடுப்புப் பக்கம் போகக்கூடாது என்பதுதான் கேள்வி. சில வாரங்கள் என்றதும், "பொங்கல் கழியட்டும்" என்று எழுந்துவிட்டார். மகனிடம் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அது சரியா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

மாசியில் அவரே மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். வலது கண்ணுக்குப் புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். கண்ணாடிக்கு அளவெடுக்கப் பங்குனி முகாமுக்கு வந்தவரை உட்காரவைத்து, "சீப்பு எந்தப் பக்கம் ஆச்சி?" என்றேன்.

கையைத் தூக்கவே இல்லை. "இது எனக்குப் பாடம் தம்பி. அட்டையைத் திருப்பு."