முகமூடி வழியே வந்த தூக்கம்: மகளின் டான்சில் அறுவை சிகிச்சைக்கு முன் கொடுத்த நெபுலைசர் மருந்து

என் ஏழு வயது மகளுக்குப் பினாங்குத் தீவில் உள்ள ஒரு மருத்துவமனையில் டான்சிலையும், மூக்கின் பின்புறத்தில் வளரும் அடினாய்டு என்னும் சதையையும் அகற்றினார்கள். அறுவைக் கூடத்துக்குக் கொண்டு போவதற்கு முன்பே, டெக்ஸ்மெடிடோமிடின் என்னும் தூக்க மருந்தை நெபுலைசர் வழியாகக் கொடுத்தார்கள். மயக்க வாயுவின் தேவையைக் குறைப்பதும், குழந்தையை அழாமல் மயக்கத்துக்குக் கொண்டுசெல்வதும், அமைதியாகக் கண்விழிக்க வைப்பதும் இதன் நோக்கங்கள். இதே சிகிச்சைக்குத் தேதி வாங்கிக் காத்திருக்கும் பெற்றோர் சிலர் என்னிடம் விசாரித்ததால், நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மகளுக்கு நான்கு வயதில், வேறொரு மருத்துவமனையில், குடலிறக்கத்துக்காக ஓர் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அறுவை நன்றாகவே முடிந்தது. ஆனால் கண்விழித்தவள் என்னை அடையாளம் தெரியாதவள் போலப் பார்த்து, கையில் ஏற்றியிருந்த ட்ரிப் குழாயைப் பிடுங்க முயன்று, தூக்கினாலும் அடங்காமல் அரை மணி நேரத்துக்குமேல் அலறினாள். வலியால் அழுகிறாள் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். சீவோஃப்ளூரேன் போன்ற வாயுவால் மயக்கப்பட்ட சிறு குழந்தைகள், அதிலும் பள்ளிக்குப் போகும் முன்னுள்ள வயதினர், மயக்கம் தெளியும்போது இப்படிக் குழம்பித் திமிறுவது மருத்துவர்கள் நன்கறிந்த ஒரு நிலை என்பது இம்முறைதான் எனக்குத் தெரியவந்தது.

அறுவைக்கு முந்தைய வாரம் மயக்க மருந்து கிளினிக்கில் எங்களைப் பார்த்த மருத்துவர் ஒரு மலாய்ப் பெண்மணி. 'புவான் (அம்மா), முன்பு மயக்கம் கொடுத்தபோது ஏதாவது பிரச்சினை வந்ததா?' என்றுதான் பேச்சையே தொடங்கினார். நான் அந்த அலறலைச் சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இரவில் குறட்டை விடுகிறாளா, மூச்சு நின்று நின்று வருகிறதா, வாயைத் திறந்தபடி தூங்குகிறாளா என்று அடுக்கடுக்காகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். டான்சில் பெருத்து மூச்சுப் பாதையை அடைக்கும் குழந்தைக்கு எந்தத் தூக்க மருந்தையும் யோசித்துத்தான் கொடுக்க வேண்டுமாம். வழக்கமாக வாய்வழி கொடுக்கப்படும் மிடாசொலாம் கசக்கும். தொண்டைத் தசையைத் தளர்த்தி அடைப்பைக் கூட்டவும் கூடும். சில குழந்தைகளை அது அடக்குவதற்குப் பதில் முரட்டுத்தனமாக்கிவிடுவதும் உண்டு. முதலில் ஊசி குத்தி நரம்பில் மருந்து ஏற்றுவதென்றால் என் மகள் அந்தக் கட்டடத்தையே இரண்டாக்கிவிடுவாள். நெபுலைசர் அவளுக்குப் பழகிய பொருள். புகைமூட்டக் காலத்தில் வீசிங் வந்து, தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டருகே உள்ள கிளினிக்கில் எத்தனையோ முறை அந்த முகமூடியைப் போட்டிருக்கிறாள்.

அந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். மருத்துவர் சலிப்பில்லாமல் சொன்னார். மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. நாம் விழிப்போடிருக்கத் தேவையான நோரட்ரீனலின் என்னும் வேதிப்பொருள் அங்கிருந்துதான் பெருமளவில் சுரக்கிறது. டெக்ஸ்மெடிடோமிடின் அங்குள்ள ஆல்ஃபா-2 ஏற்பிகளைப் பிடித்து அந்தச் சுரப்பைத் தணிக்கிறது. அதனால் வரும் தூக்கம் இயல்பான தூக்கத்தை ஒத்திருக்கும். தட்டி எழுப்பினால் குழந்தை கண் திறக்கும். மூச்சு பெரிதாக மந்தப்படாது. ஆனால் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் இறங்கும். இதயத்துடிப்பு ஏற்கெனவே மெதுவாக உள்ளவர்களுக்கும் இதயத்தின் மின்கடத்தலில் தடை உள்ளவர்களுக்கும் இதைத் தவிர்ப்பார்கள், அல்லது மிகுந்த எச்சரிக்கையோடு கொடுப்பார்கள். 1999இல் அமெரிக்காவில் இந்த மருந்துக்கு முதலில் அனுமதி கிடைத்தது தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் பெரியவர்களுக்கு, அதுவும் நரம்பு வழியாகச் செலுத்துவதற்குத்தான். குழந்தைக்கு நெபுலைசரில் கொடுப்பது மருந்தின் உரிமத்துக்கு வெளியே, மருத்துவரின் பொறுப்பில் நடப்பது. இதை அவர் தாமாகவே எடுத்துச் சொல்லி, ஒப்புதல் படிவத்தில் தனியாக எழுதி, அதன் கீழ் கையெழுத்து வாங்கினார். அந்த ஒளிவுமறைவின்மைதான் எனக்கு நம்பிக்கை தந்தது.

வாயு குறைவது என்பதன் பொருளையும் அப்போதுதான் புரிந்துகொண்டேன். கத்தி படும்போது நூற்றில் ஐம்பது நோயாளிகள் உடலை அசைக்காமல் இருக்க நுரையீரலில் எவ்வளவு வாயு இருக்க வேண்டும் என்பதே மயக்க வாயுக்களை அளக்கும் அளவுகோல். 1960களில் வகுக்கப்பட்ட இது இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது. சீவோஃப்ளூரேனுக்கு அந்த அளவு பெரியவர்களில் ஏறக்குறைய 2 சதவீதம், என் மகள் வயதில் ஏறக்குறைய 2.5 சதவீதம். மூளையின் விழிப்பை முன்கூட்டியே ஒரு மருந்து தணித்துவைத்திருந்தால் அதே ஆழத்து மயக்கத்துக்கு அதைவிடக் குறைந்த வாயு போதும். வாயு குறைந்தால் இரத்த அழுத்தம் வாயுவால் இறங்குவதும் குறையும். கண்விழிக்கும்போது உண்டாகும் குழப்பத்துக்கும் வாய்ப்புக் குறையும். நோயாளி வெளியேற்றும் மயக்க வாயு குழாய் வழியே கட்டடத்துக்கு வெளியே, காற்றில்தான் போய்ச் சேர்கிறது என்பதையும், டெஸ்ஃப்ளூரேன் என்னும் மற்றொரு வாயு கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 2,500 மடங்கு புவியைச் சூடாக்கும் என்பதால் ஸ்காட்லாந்து 2023இல் அதைக் கைவிட்டது என்பதையும் அவர் சொன்னார். அது நல்ல செய்திதான். ஆனால் அந்த நேரத்தில் என் கவலையெல்லாம் மகள் எப்படிக் கண்விழிப்பாள் என்பதில்தான் இருந்தது.

வீட்டில் மாமியாருக்கு இதை விளக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. 'ஆவி பிடிக்கிற மாதிரிதானே, அதுக்கு எதுக்குக் கையெழுத்து?' என்றார். பார்வைக்கு அப்படித்தான் என்றாலும், இதில் வருவது சூடான ஆவி இல்லை. அழுத்தக் காற்றால் நுண்துளிகளாகச் சிதறடிக்கப்பட்ட மருந்து, மூக்கு, வாய், நுரையீரல் ஆகிய மூன்றின் ஈரச்சவ்வுகள் வழியாகவும் இரத்தத்தில் கலக்கிறது என்றேன். பட்டினி விதிகளையும் அவரிடம் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. திட உணவும் பாலும் ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தப்பட வேண்டும். தெளிந்த நீர் மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு முன்புவரை குடிக்கலாம். மைலோ என்னும் சாக்லேட் பானம் தண்ணீர்க் கணக்கில் சேராது. பேத்தி வெறும் வயிற்றோடு பாலம் தாண்டிப் போவதை அவரால் கடைசிவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அன்று காலை வார்டில் முதலில் எடை பார்த்தார்கள்: 22 கிலோ. கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் என்று கணக்கிட்டு 44 மைக்ரோகிராம் என எழுதினார்கள். ஒரு மில்லிலிட்டரில் 100 மைக்ரோகிராம் உள்ள நிறமற்ற மருந்து அது. மருத்துவர் ஒரு மில்லிலிட்டர் சிரிஞ்சை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து 0.44இல் கோடு நிற்கிறதா என்று பார்த்தார். அருகிலிருந்த மிஸ்ஸியும் (இங்கே செவிலியரை அப்படித்தான் அழைப்போம்) பார்த்துத் தலையசைத்த பின்புதான் அதை நெபுலைசர் கிண்ணத்தில் விட்டு, உப்புநீர் சேர்த்து மூன்று மில்லிலிட்டர் ஆக்கினார்கள். மகளின் விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பை மாட்டினார்கள். மருந்துத் துளிகளில் ஒரு பங்கு முகமூடியின் ஓரத்தில் தப்பித்து வீணாகிவிடும் என்பதால், மூக்குப் பாலத்தில் அதைச் சற்று அழுத்திப் பிடிக்கும்படியும், என் முகத்தை அருகில் கொண்டுபோகாமல் இருக்கும்படியும் சொன்னார்கள். மருந்துக்கு வாசனையும் இல்லை, எரிச்சலும் இல்லை. அவள் கைப்பேசியில் கார்ட்டூன் பார்த்தபடியே இழுத்து முடித்துவிட்டாள்.

அதன் பின் ஒன்றும் நடக்கவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. அவள் கதை பேசிக்கொண்டும் தண்ணீர் கேட்டுக்கொண்டும் இருந்தாள். மருந்து வேலை செய்யவில்லையோ என்று கேட்டதற்கு, 'அக்கா, இது மெதுவாத்தான் ஏறும், அரை மணி முக்கால் மணி ஆகும், லைட்டை மட்டும் குறைச்சிடுங்க' என்றார் தமிழ் மிஸ்ஸி. விளக்கைக் குறைத்தபின் கேள்விகளுக்கு இடையே இடைவெளி நீண்டது. கைப்பேசி மெல்லச் சாய்ந்தது. 105 வரை போயிருந்த நாடித்துடிப்பு 84 ஆனது. ஆக்சிஜன் அளவு 97க்குக் கீழே இறங்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது கண்ணைத் திறந்து பார்த்து மீண்டும் மூடிக்கொண்டாள்.

நீல அங்கியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு நானும் கூடம்வரை போக அனுமதித்தார்கள். தூங்கும் குழந்தையை எழுப்பாமல், மயக்க வாயுவின் முகமூடியை முதலில் முகத்துக்குச் சற்று மேலே தூக்கிப் பிடித்து, மூச்சுக்கு மூச்சு மெல்ல இறக்கினார் மருத்துவர். முகமூடி கன்னத்தில் பட்டபோது அவள் ஒருமுறை புருவத்தைச் சுருக்கினாள், அவ்வளவுதான். ஊசி குத்தியது அதற்குப் பின்பு. அவளுக்கு அது தெரியவே தெரியாது.

அறுவை முடிந்ததும் மயக்கப் பதிவுத் தாளைக் காட்டினார். வாயுவின் அளவு பெரும்பகுதி நேரம் 1.8 சதவீதத்தை ஒட்டியே நின்றிருந்தது. இது முழுக்க நெபுலைசரின் சாதனையா என்று கேட்டேன். ஃபென்டனில் என்னும் வலி மருந்தும் கொடுத்தோம், அதுவும் வாயுத் தேவையைக் குறைக்கும், ஒரே ஒரு நோயாளியை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது என்றார். பல நோயாளிகளை ஒப்பிட்ட ஆய்வுகளில்தான் அந்த வேறுபாடு தெரிகிறதாம். எனக்கு இந்தப் பதில் பிடித்திருந்தது.

கண்விழித்த விதத்தில் வேறுபாடு எனக்கே தெரிந்தது. திமிறல் இல்லை, அலறல் இல்லை. 'தொண்டை வலிக்குதும்மா' என்று சொல்லி அழுதாள். அது எனக்குப் புரிந்த அழுகை. இதற்கும் ஒரு விலை உண்டு. பக்கத்துக் கட்டில் பையன் எழுந்து உட்கார்ந்து ஐஸ்கிரீம் கேட்டபோது இவள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். நாடி 70க்கும் 80க்கும் இடையிலேயே நின்றதால் மீட்பு அறையில் கூடுதல் நேரம் வைத்திருந்துதான் வார்டுக்கு அனுப்பினார்கள். அதே நாளில் வீடு திரும்ப நினைக்கும் பெற்றோர் இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது. நாங்கள் எப்படியும் இரவு தங்குவதாக இருந்தோம். டான்சில் எடுத்த குழந்தைக்கு முதல் 24 மணி நேரத்திலும், பிறகு புண்ணின் வெள்ளைப் படலம் உதிரும் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரையிலும் இரத்தக் கசிவு வரலாம் என்பதால், அடிக்கடி விழுங்குகிறாளா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்தக் காவலுக்கும் நெபுலைசர் மருந்துக்கும் தொடர்பில்லை.

வீட்டுக்குப் புறப்படும்போது மருந்தின் பெயர், அளவு, கொடுத்த நேரம், அதன் பின் பதிவான மிகக் குறைந்த நாடித்துடிப்பு ஆகிய நான்கையும் டிஸ்சார்ஜ் தாளில் எழுதித் தரும்படி கேட்டு வாங்கினேன். முதல் அறுவையின் தாளில் மயக்கம் பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்தத் தாளின் நகலை அவளுடைய வீசிங் மருந்துப் பையில் வைத்திருக்கிறேன். எங்கள் கிளினிக் டாக்டரும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டார்.